ஒட்டாத வியாதி

பாயைச் சுருட்டுவதற்கு முன்னால் பாண்டியம்மாள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். மூச்சு விட்டால் செதில் பறக்கும். ஒரு ராத்திரிக்குள் ஒரு மனுஷன் உடம்பிலிருந்து இவ்வளவு உதிருமா என்ற ஆச்சரியம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. தவிடு மாதிரி கொஞ்சம், மீன் உரசிய இடத்தில் கிடக்கிற மாதிரி கொஞ்சம். இடுப்பு பட்ட இடத்தில் மட்டும் பெரிது பெரிதாக, உருகி உறைந்த மெழுகின் ஏடு போல. கோரை இடுக்குகளில் ஏறி உட்கார்ந்திருக்கும். பாயை முற்றத்துக்குக் கொண்டுபோய் உதறுவாள். உதறுகிற சத்தம் கேட்டதும் கோழிகள் ஓடிவரும்.

கோழிகள் அதைக் கொத்தித் தின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி ஒரு மார்கழிக் காலையில் பார்த்துவிட்டாள். அன்றோடு தெருவில் முட்டை விற்பது நின்றது. பாண்டியம்மாள் யாரையும் ஏசவில்லை. அவளே அந்த முட்டையைத் தின்று மாதக்கணக்காகியிருந்தது.

கோவில்பட்டி ஊர் முடிந்து பருத்திக்காடு தொடங்குகிற விளிம்பில் அவர்கள் வீடு. அவள் புருஷன் பூவனலிங்கம் கல்யாண வீட்டுச் சமையல்காரர். எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் தவசிப்பிள்ளை என்பார்கள். தொண்ணூறுகளில் எல்லோரும் மாஸ்டர் ஆகிவிட்டார்கள். கயத்தாறு, புதூர், ஓட்டப்பிடாரம் வரைக்கும் முகூர்த்தத்துக்கு நாள் குறித்த கையோடு அவர் வீட்டுக்கு ஆள் வரும். நல்ல உயரம். மண்டபத்துக்குப் பின்னால் நீளமாகக் குழி வெட்டி, இரண்டு பக்கமும் கல் அடுக்கி, வேலிக்கருவை விறகைத் தள்ளி எரிக்கிற கோட்டை அடுப்புக்கு முன்னால், சட்டையில்லாமல், இடுப்பில் ஈரத்துண்டோடு நிற்பார். உப்பைக் கரண்டியால் அள்ளிப் போட்டதே கிடையாது. வாளிக்குள் கையை விட்டு அள்ளி, அண்டாவைச் சுற்றி வந்து தூவுவார். அவியலுக்குத் தேங்காய் விழுதை இரண்டு கையாலும் பிசைந்துதான் சேர்ப்பார். தயிர்ப் பச்சடியும் அப்படித்தான்.

வியாதி முதலில் முழங்கையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வந்தது. அடுப்புச் சூடு என்றார். அப்புறம் முழங்காலில் வந்தது. பிறகு தலையில். கறுத்த உடம்பில் சிவந்து தடித்து, அதற்கு மேல் வெள்ளைவெள்ளையாய்ப் படிந்திருக்கும். சொரிந்தால் உதிரும். உதிர்ந்த இடத்தில் குண்டூசி குத்திய மாதிரி ரத்தம் துளிர்க்கும். ஒரு தைப்பனியில் அது உள்ளங்கைக்கு இறங்கியபோதுதான் அவருக்குப் பயம் தட்டியது. அப்போதும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வேலைக்குப் போனார்.

கயத்தாறில் லாரிகள் வைத்திருந்த பெருமாள்சாமி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. மண்டபத்தில் விசேஷம். முதல் பந்தி எழுந்து, இரண்டாவது பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கு வெந்நீர் கேட்டுச் சமையல்கட்டுக்கு வந்தாள் பெருமாள்சாமியின் தங்கச்சி. பூவனலிங்கம் அப்போது அண்டாவுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பச்சடியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ! பெருவியாதிக்காரன் கைய விட்டுக் கலக்குதானே! நாமெல்லாம் இதைத்தானா தின்னோம்!"

அவ்வளவுதான். சாப்பாட்டில் எதுவும் கிடந்ததாக யாரும் சொல்லவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. நாலு பேர் சாம்பார் அண்டாவின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்கள். பாயசத்தையும் கவிழ்த்தார்கள். வடைக்கூடையை நாய்க்குக் கொட்டினார்கள். முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் மண்டபத்துக்குப் பின்னால் கருவை ஓரமாக வரிசையாய் நின்று தொண்டைக்குள் விரலை விட்டார்கள். ஒருவர் வாந்தி எடுப்பதைப் பார்த்து அடுத்தவருக்கு வந்தது. பட்டுச்சேலை முந்தானையை அள்ளி இடுக்கிக்கொண்டு பெண்கள் குனிந்து நின்றார்கள். கழுத்துச் சங்கிலி தொங்கியது, வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. அவிந்த பருப்பும் புளித்த மோரும் கலந்த நாற்றம் மண்டபத்துக்குள் ஏறியது. கக்கி முடித்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு, தாம்பூலப் பையை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பெருமாள்சாமி அடுப்படிக்கு வந்தார். மூக்கைத் துண்டால் மூடியிருந்தார்.

"ஒனக்கு இப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதாலே? நாலு பெரிய மனுசன் வந்த எடம்."

"முதலாளி, இது ஒட்டுத வியாதி மாதிரித் தெரியலை. அடுப்பு வெக்கைக்கு…"

"ஒட்டுதோ ஒட்டலையோ. பாக்கச் சகிக்கலையே. போ. ஆளுகளைக் கூட்டிக்கிட்டுப் போயிரு."

ஆட்கள் யாரும் அவரோடு வரவில்லை. அவரிடம் காய் நறுக்க வந்து அடுப்புக்கு உயர்ந்த சங்கிலிப்பாண்டி மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். பஸ்ஸில் ஏறவில்லை.

அடுத்த வாரம் புருஷனும் பெண்டாட்டியும் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகு, தலை, உள்ளங்கை எல்லாம் தொட்டுப் பார்த்தாள்.

"இது சொரியாசிஸ். தொழுநோய் இல்லைங்க. யாருக்கும் ஒட்டாது. ஆனா முழுசாப் போகவும் போகாது. குறையும், திரும்ப வரும். சுகர் மாதிரி கூடவே வச்சுக்கிட்டுத்தான் போகணும். பனிக்காலத்துல கூடும். கவலைப்பட்டாலும் கூடும்."

"இதை வச்சுக்கிட்டுக் கவலப்படாம எப்படிம்மா இருக்கது?" என்றார் பூவனலிங்கம். டாக்டர் சிரித்துவிட்டு மருந்து எழுதினாள்.

அவர் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது பாண்டியம்மாள் மட்டும் திரும்பி உள்ளே போனாள்.

"யம்மா, ஒட்டாதுன்னு சொன்னீய. பக்கத்துல படுத்தா?"

"ஒட்டாதும்மா."

"ஒரே தட்டுல தின்னா?"

"ஒண்ணும் ஆகாது. தாராளமா இருங்க."

சொல்லிக்கொண்டே டாக்டர் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். எந்த நோயாளியைப் பார்த்த பிறகும் அவள் அப்படித்தான் கழுவுவாள். ஆனால் பாண்டியம்மாளின் காதில் விழுந்த சொல்லைவிடக் கண்ணில் பட்ட அந்த நுரைதான் அவளோடு ஊருக்கு வந்தது.

திரும்புகிற பஸ்ஸில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மூன்று பேர் உட்காருகிற சீட்டில் இவர்கள் இரண்டு பேர். மூன்றாவது இடத்தில் கயத்தாறு தாண்டியும் யாரும் உட்காரவில்லை.

"நல்லதாப் போச்சு. காலை நீட்டிக்கிட்டுப் போவோம்" என்றார் பூவனலிங்கம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக் களிம்பு புதுத் தார்ரோடு மாதிரி நாறியது. அது போதாதென்று யாரோ சொல்லி வெட்பாலைத் தைலம் வந்தது. இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் உட்காருவார். கொஞ்சம் கேட்டது. சித்திரை வைகாசியில் உடம்பு தெளிகிற மாதிரி இருக்கும். காற்றடி காலத்தில் கரிசல் புழுதி வந்து எண்ணெய் உடம்பில் அப்பும். ஐப்பசிக்குப் பிறகு பழையபடி ஏறிவிடும். பாய், போர்வை, சுவர், கதவு நிலை என்று அவர் சாய்ந்த இடமெல்லாம் ஊதாக்கறை. வீட்டுக்குள் நுழைந்தால் தாரும் சிக்கு எண்ணெயும் காய்ந்த தோலும் கலந்த ஒரு வாடை. வெளியே போய்த் திரும்புகிறவர்களுக்குத்தான் அது தெரியும். பாண்டியம்மாள் தினமும் வெளியே போய்த் திரும்பினாள்.

அவள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். குச்சி அடைத்த பெட்டிகளைப் பண்டல் போடுகிற வேலை. மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு சாண் தள்ளி உட்காருவார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்.

"யக்கா, தப்பா எடுத்துக்கிடாத. ஒனக்கு இன்னும் வரலையே?"

"ஒட்டாதுட்டி. டாக்டரம்மாவே சொல்லிட்டாவ."

"அவிய சொல்லுவாவ. நீ சேலைய நல்லா ஒதறிட்டு வா."

பூவனலிங்கத்துக்கு முடிவெட்டுகிறவர், "அண்ணாச்சி, கடைக்கு எதுக்கு அலையுதீக, நானே வீட்டுக்கு வாரேன்" என்றார். வரவே இல்லை. பாண்டியம்மாள் தையல் கத்தரியால் கண்டபடி வெட்டிவிட்டாள். டீக்கடையில் ஒரு நாள் அவருக்கு மட்டும் தனிக் கிளாஸ் வந்தது. விளிம்பில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். அவர் டீயை மேஜைமேல் ஊற்றிவிட்டு, கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் கடைத்தெருப் பக்கம் போகவில்லை.

மகள் சுதாராணியைப் புதூரில் கட்டிக்கொடுத்திருந்தது. பொங்கல் கழித்துக் கைக்குழந்தையோடு வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாட்டி. வெயில்ல நிக்க."

"அம்மா, ஒண்ணு சொல்லுதேன். அத்தை, பிள்ளைய அப்பாட்ட குடுக்கக் கூடாதுன்னு சொல்லி விட்டுருக்காவ. பாய்ல போடக் கூடாதாம். வீட்டுத் தண்ணி குடுக்கக் கூடாதாம். பாட்டில்ல கொண்டாந்துருக்கேன்."

"சரி. நீ என்ன நெனைக்க?"

சுதாராணி குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

பூவனலிங்கம் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டார். முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டித் தாவியது. அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். குனிந்து, "யாரு, யாரு வந்துருக்கா" என்று முகத்தை மட்டும் ஆட்டினார். அப்படி ஆட்டியபோது புருவத்திலிருந்து ஒரு செதில் கழன்று குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. சுதாராணி வெடுக்கென்று குழந்தையை இழுத்து, முந்தானையால் கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். பிஞ்சுக் கன்னம் சிவந்து, பிள்ளை வீறிட்டது. சாயங்கால பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

அவள் போன பிறகு பூவனலிங்கம் கிணற்றடியில் உட்கார்ந்து செங்கல் துண்டை எடுத்து முழங்கையைத் தேய்த்தார். ரத்தம் வழிந்து மணிக்கட்டுக்கு வந்தபோதுதான் பாண்டியம்மாள் பார்த்தாள். பிடுங்கி எறிந்தாள். அவர் கையைப் பிடித்துப் பிடுங்கவில்லை. செங்கலின் மறுமுனையைப் பிடித்துத்தான் பிடுங்கினாள். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஒரு நாள் வேலை முடிந்து அவள் நனைந்துகொண்டே காட்டு வழியாக நடந்து வந்தாள். செருப்பில் கரிசல் அப்பி அப்பி ஆளை ஒரு சாண் உயர்த்தியிருந்தது. முற்றத்தில் குச்சியால் சுரண்டிப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசனை வந்தது. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கிய வாசனை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. வீட்டுக்குள் தார் வாடையைக் காணோம்.

"கையக் கழுவிட்டு உக்காரு. ஆறிரப் போகுது" என்றார் பூவனலிங்கம். அடுப்படியில் சட்டையில்லாமல், இடுப்பில் துண்டோடு நின்றார். முகத்தில் ஒரு வருஷத்துக்கும் மேலாக இல்லாத தெளிச்சி. தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, காணப்பயற்றுத் துவையலை விரலால் வழித்து ஓரத்தில் வைத்தார்.

அவள் அந்த விரலைப் பார்த்தாள். நுனி வெடித்திருந்தது. வெடிப்புக்குள் குழம்பின் மஞ்சள் ஏறியிருந்தது.

"வாசல்ல உக்காந்து திங்கேன். மழையப் பாத்துக்கிட்டு" என்று தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டைச் சுற்றி வேலிப்பக்கம் போய்க் கவிழ்த்தாள். கோழிகள் மழையில் நனைந்துகொண்டே கூரையடியிலிருந்து ஓடிவந்தன. திரும்பினால், கையில் குழம்புக் கரண்டியோடு அவர் நின்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் ஊற்ற வந்தவர்.

"எத்தன நாளா?" என்றார்.

"எது?"

"கொட்டுதது."

"இன்னைக்குத்தான் மொதல்ல ஆக்குனீய. இன்னைக்குத்தான் கொட்டுனேன்."

"எந் தட்ட ரெண்டு தடவ கழுவுத. எம் போர்வையக் குச்சியால எடுக்க. எனக்குத் தெரியாதுன்னா நெனைக்க?"

பாண்டியம்மாள் முகத்தில் வழிவது மழையா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் குரல் உடையவில்லை.

"தெரிஞ்சா தெரியட்டும். எத்தன நாளைக்கு மறைக்க? டாக்டரம்மா ஒட்டாதுன்னு சொன்னத நான் நம்புதேன். சத்தியமா நம்புதேன். ஆபீசுல ஒருத்திகிட்டயும் நான் விட்டுக் குடுத்ததில்ல. ஆனா இந்தத் தொண்டை நம்ப மாட்டேங்குதே, நான் என்ன செய்ய? ஒங்க கையப் பாத்தா ஓங்கரிக்கு. ஒறக்கத்துல ஒங்க காலு பட்டா எந்திரிச்சு உக்காந்துருதேன். பெறவு, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு எம் மூஞ்சியில நானே காறித் துப்பணும் போல இருக்கு."

கரண்டியிலிருந்த குழம்பில் மழைத்தண்ணீர் விழுந்து ததும்பியது.

"எனக்கு மட்டும் எப்படி இருக்குன்னு நெனைக்க?" என்றார். "எந்திரிச்சதும் இந்தக் கையப் பாக்க எனக்கே பிடிக்கலை. இதாலதான் பல்லு தேய்க்கணும். இதாலதான் சோத்தப் பெசையணும். நீ கொட்டிட்டு வந்துட்ட. நான் எங்க கொண்டு போய்க் கொட்ட?"

அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. பானையில் மிச்சமிருந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் நடிப்பு குறைந்தது. தட்டை அவர் கண்ணெதிரே இரண்டாவது தடவை கழுவினாள். "ஓங்கரிக்கு, செத்த அங்கிட்டு உக்காருங்க" என்று வாயால் சொன்னாள். "சரி, அங்கிட்டுப் போறேன்" என்று அவரும் நகர்ந்தார். முதுகில் அவருக்கு எட்டாத இடத்துக்குக் களிம்பு போட வேண்டியிருந்தது. ஒரு கோழி இறகைக் குச்சியில் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி அவள் தடவிவிட்டாள். "மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் தடவாத, கழுத்துக்குப் போகுது பாரு" என்று அவர் ஏசினார். சில நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சில நாள் வரவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு பங்குனி மாதத்து மத்தியானம் பெருமாள்சாமியின் கார் காட்டுப்பாதையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அவர் இறங்கி வேலிக்கு வெளியிலேயே நின்றார். பின்னால் சங்கிலிப்பாண்டி. இப்போது அவன்தான் மாஸ்டர். தங்க மோதிரம் போட்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை.

"நல்லாருக்கியா பூவனலிங்கம்? மூத்தவனுக்கு வைகாசியில கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரவ தூத்துக்குடி, பெரிய எடம். சாப்பாடு பேரு சொல்லணும். இவனக் கேட்டா, மாஸ்டர் பக்கத்துல நிக்கணுங்கான்."

சங்கிலிப்பாண்டி முணுமுணுத்தான். "ஆயிரத்து ஐநூறு எலை மாஸ்டர். எனக்கு அளவு பிடிபட மாட்டேங்கு."

"நீ எதையும் தொட வேண்டாம்" என்றார் பெருமாள்சாமி. "ஓரமாச் சேர் போட்டுருவோம். முழுக்கைச் சட்ட போட்டுக்கோ. கைக்கு ஆஸ்பத்திரி உறை வாங்கியாரச் சொல்லுதேன். பின்வாசல் வழியா வந்துட்டு, பின்வாசல் வழியாப் போயிரு. வெளிய சங்கிலிப்பாண்டி சமையல்னுதான் சொல்லிருக்கு."

கார் போன பிறகு பாண்டியம்மாள் வேலியோரம் காறித் துப்பினாள்.

"போவாதீய. அன்னைக்கு அண்டாவக் கவுத்த பயலுக. வெக்கங்கெட்டு வந்து நிக்கானுவ."

"போறேன்."

"என்னத்துக்கு?"

"கோட்டை அடுப்பப் பாத்து நாலு வருசம் ஆச்சு. பாக்கணும் போல இருக்கு."

"அப்போ தேங்கா துருவ நானும் வாரேன். தனியாப் போக வேண்டாம்" என்றாள்.

கல்யாணத்தன்று விடிந்து வெயில் ஏறும்போது கோட்டை அடுப்பு முழு மூச்சில் எரிந்தது. பூவனலிங்கத்தைச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வைகாசி வெயில், அடுப்பு அனல், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை. ரப்பர் உறைக்குள் வேர்வை நிரம்பி, கையை ஆட்டினால் களக் களக் என்றது. உடம்பு முழுக்க நமைச்சல். சொரிந்தால் யாராவது பார்ப்பார்கள். நாற்காலியின் முதுகில் மெல்லத் தேய்த்துக்கொண்டார். ஆனால் கண் அடுப்பைவிட்டு நகரவில்லை.

"சங்கிலி, ரெண்டாவது அண்டாவுல பருப்பு அடிபிடிக்கப் போகுது, வெறகை இழு. ஏலே, புளித்தண்ணி இப்ப வேண்டாம், காய் இன்னும் வேகலை."

சங்கிலிப்பாண்டி ஒரு துண்டு இலையில் சாம்பாரை எடுத்து வந்து, அவருக்கு எட்டும் தூரத்தில் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றான். அவர் குனிந்து எடுத்து நக்கிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு கை உப்பு."

"ஒங்க கையா, எங் கையா மாஸ்டர்?"

"எங் கைக்கு ரெண்டு. ஒனக்கு மூணு."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த பாண்டியம்மாள் அதைக் கேட்டுக் குனிந்த தலையோடு சிரித்துக்கொண்டாள்.

முதல் பந்தி நடக்கும்போதே பேர் வந்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் சமையல்கட்டு வாசலுக்கே வந்து, "யாருங்க மாஸ்டர்?" என்று கேட்டார். பெருமாள்சாமி சங்கிலிப்பாண்டியை முன்னால் தள்ளினார். அவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் விழுந்துவிடக் கூடாதென்று ஒருவன் பூவனலிங்கத்தின் நாற்காலியைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போட்டான், அவர் உட்கார்ந்திருக்கும்போதே.

பிறகு அதே ஆள் வந்து சொன்னான். "அண்ணாச்சி, ஒங்களுக்கும் அக்காவுக்கும் பின்னால எலை போட்டாச்சு. சாப்பிட்டுக் கெளம்புங்க. கார் நிக்கு."

பின்னால் என்றால் கழுவுகிற குழாய்க்குப் பக்கம். எச்சில் இலைகளைக் கொட்டுகிற குழிக்கு நாலடி இந்தப் பக்கம், தரையில் இரண்டு இலை. பரிமாறி வெகுநேரமாகியிருந்தது. பாயசத்தில் ஈ மிதந்தது. குழிக்குள் இரண்டு நாய்கள் ஒரே இலையை இழுத்துக்கொண்டிருந்தன. சோறும் சப்பிய முருங்கைச் சக்கையும் வெற்றிலைத் துப்பலும் ஒன்றாகப் புளித்து நுரைத்துக் கிடந்தன.

அந்த இடம் பூவனலிங்கத்துக்குத் தெரியும். எத்தனையோ கல்யாணத்தில் கொட்டுக்காரர்களுக்கு அங்கே இலை போடச் சொன்னவர் அவர்தான். அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. கொஞ்சநேரம் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். உறையை விரல் விரலாக உருவிக் குழிக்குள் எறிந்தார். ஊறி வெளுத்த கையைக் குழாயில் கழுவினார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டார். சமையல்கட்டைத் தாண்டி, பந்தி நடக்கிற கூடத்துக்குள் நேராக நடந்து போனார்.

மேஜையில் தாள் விரித்து, வரிசையாக ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு இலை காலியாக இருந்தது. உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார்.

இடதுபக்கம் இருந்தவர் முதலில் கையைப் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எழுந்தார். பிறகு வலதுபக்கம். பிறகு எதிர் வரிசை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அந்த மேஜை முழுக்க அவர் ஒருவர்தான்.

பெருமாள்சாமி வேகமாக வந்தார். பெண் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் சத்தத்தை அடக்கிக்கொண்டார்.

"எந்திரி. சபையில வச்சு என்ன இது?"

"சாப்பிடுதேன் முதலாளி. நான் ஆக்குன சாப்பாடு."

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவரை யாரும் கூப்பிடவில்லை, பின்வாசல் வழியாகக்கூட. அதை இங்கேயே சொல்லிவிடலாம். அந்த மார்கழியில் வியாதி முன்னைவிட அதிகமாகத்தான் ஏறியது. பாயை உதறுகிற வேலையும் நிற்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து இலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாதி கடித்த வடை. மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. பாயசத்தையும் ரசத்தையும் குழப்பியடித்த கூழ். யாரோ காறி இலையோரம் ஒதுக்கிய சளி. இதையெல்லாம் செய்த வாய்கள் வாசலில் நின்று அவரைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தன.

பாண்டியம்மாள் சமையல்கட்டு வாசலில் தேங்காய்த் துருவல் ஒட்டிய கையோடு நின்று பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் பக்கத்து நாற்காலிக்கு நேரே மேஜையில் கிடந்த எச்சில் இலையை மடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். ஓரத்திலிருந்து ஒரு புது இலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பரிமாற யாரும் வரவில்லை. மேஜையில் விட்டுப்போன வாளிகள் இருந்தன. அவளே இரண்டு இலைக்கும் சோறு போட்டாள், சாம்பார் ஊற்றினாள்.

அவர் பிசைந்தபோது மணிக்கட்டிலிருந்து ஒரு செதில் உதிர்ந்து, இரண்டு இலைக்கும் நடுவே வெள்ளைத் தாளில் விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள். தொண்டை மூடிக்கொண்டது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். அருவருப்பு போகவில்லை. அது போகட்டும் என்று அவள் காத்திருக்கவும் இல்லை. முதல் கவளத்தை வாயில் போட்டு, மெல்ல முடியாமல் மென்று, விழுங்கினாள்.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார் பூவனலிங்கம்.

"இருக்கு."

கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. தோளில் சால்வையோடு ரச வாளியை வைத்துக்கொண்டு சங்கிலிப்பாண்டி தூணோரம் நின்றான்.

"ஏலே சங்கிலி" என்று கூப்பிட்டாள் பாண்டியம்மாள். "இங்கன ரெண்டு எலைக்கு ரசம்."

அவன் பெருமாள்சாமியைப் பார்த்தான். மாஸ்டரைப் பார்த்தான். பிறகு வந்தான். ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு, கரண்டியை உயரத் தூக்கி ஊற்றினான். ரசம் இலையில் விழுந்து சிதறி அவள் சேலையில் தெறித்தது.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"குனிஞ்சு ஊத்துலே" என்றாள்.